விக்டோரியா காலத்து ஃபோட்டோ விளம்பரங்கள்: பழைய செய்தித்தாள் தளங்களை நெடுநாள் பயன்படுத்திய அனுபவம்

ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் ட்ரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட், பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ், வேல்ஷ் நியூஸ்பேப்பர்ஸ் ஆன்லைன். இந்த நான்கு தளங்களையும் பல வருடமாக ஒரே ஒரு வேலைக்காகப் பயன்படுத்தி வருகிறேன். 1840-களிலும் 50, 60-களிலும் காசு வாங்கிக்கொண்டு மக்களின் முகத்தைப் படம் பிடித்துக் கொடுத்தவர்கள் பத்திரிகையில் என்னென்ன விளம்பரம் போட்டார்கள் என்று தேடிப் படிப்பதுதான் அந்த வேலை. வம்சாவளி தேடுகிறவர்கள் இந்தத் தளங்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். விளம்பரம் தேடுகிறவனுடைய தேவை வேறு என்பதால் இந்தப் பதிவு.

விளம்பரத்தை ஏன் படிக்க வேண்டும்? மியூசியத்தில் இருக்கும் டாகெரோடைப் (வெள்ளி பூசிய செப்புத் தகட்டிலேயே படம் விழும் ஆரம்பகால ஃபோட்டோ முறை) தகடு முகத்தைக் காட்டும். அதற்கு எவ்வளவு கொடுத்தார்கள், எடுத்தவர் அந்த ஊரில் எத்தனை மாதம் தங்கினார், பக்கத்துத் தெருவில் போட்டிக்கு யார் இருந்தார், மழை நாளில் கடை திறந்திருந்ததா என்பதெல்லாம் தகட்டில் இருக்காது. விளம்பரத்தில் இருக்கும். தகடே மிஞ்சாத இடங்களில் அந்தப் படம்பிடிப்பவர் வாழ்ந்ததற்கே விளம்பரம்தான் சாட்சி.

இதற்கு ஜார்ஜ் பாரன் குட்மன் நல்ல உதாரணம். ஆஸ்திரேலியாவில் முதன்முதலாகக் கூலிக்குப் படம் எடுத்தவர். 1841 மே மாதமே கேப்டன் லூகாஸ் என்ற கப்பல்காரர் சிட்னியில் டாகெரோடைப் எடுத்துக் காட்டியிருந்தார். அது வெறும் செயல்விளக்கம், அந்தப் படமும் இப்போது இல்லை. தொழிலாகத் தொடங்கியவர் குட்மன்தான். 1842 டிசம்பரில் சிட்னி ஜார்ஜ் தெருவில் ராயல் ஹோட்டல் மொட்டை மாடியில் கடை போட்டார். 1843-ல் ஹோபார்ட், 1845-ல் மெல்போர்ன், 1846-ல் அடிலெய்டு என்று ஊர் ஊராகப் போனார். அவர் பெயரை ட்ரோவில் போட்டு, வருடவாரியாக வரிசைப்படுத்தி, எந்த மாநிலப் பத்திரிகை என்ற ஃபில்டரை மட்டும் மாற்றிக்கொண்டே வந்தால் அவருடைய பயணம் விளம்பரங்களிலேயே விரியும். ஒரு ஊரில் விளம்பரம் நிற்கும், சில வாரம் கழித்து அடுத்த ஊர்ப் பத்திரிகையில் தலைகாட்டும். டாக்டர் வில்லியம் பிளாண்டை அவர் எடுத்த படம் நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் எடுத்து இன்று மிஞ்சியிருக்கும் படங்களில் பழையது அதுதான் என்கிறார்கள். அந்தப் படத்தை நேரடியாகப் பார்ப்பதற்கும், இந்த விளம்பரங்களை வரிசையாகப் படித்துவிட்டுப் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

ட்ரோவில் என்னைக் கட்டிப்போட்ட வசதி எழுத்துத் திருத்தம். ஒரு பக்கம் பத்திரிகையின் ஸ்கேன், இன்னொரு பக்கம் இயந்திரம் படித்துத் தந்த எழுத்து. ஒரு வரியைக் கிளிக் செய்தால் ஸ்கேனில் அதே வரி தெரியும். தப்பாக இருந்தால் அங்கேயே திருத்திச் சேமிக்கலாம், அடுத்து தேடுகிறவருக்கு அது சரியாகக் கிடைக்கும். விளம்பரத்துக்கு இது மிக முக்கியம். செய்திப் பத்தியில் எழுத்து ஒரே அளவில் இருக்கும், இயந்திரம் ஓரளவு படித்துவிடும். விளம்பரத்தில் தலைப்பு பெருத்த எழுத்து, அடுத்த வரி சாய்ந்த எழுத்து, விலை பொடி எழுத்து. போதாக்குறைக்கு மை ஊறி அடுத்த பக்கத்து எழுத்தும் தெரியும். ஸ்கேனைப் படித்து எழுத்தாக்கும் மென்பொருளான ஓ.சி.ஆர் அதில் தடுமாறுவது எல்லாத் தளங்களுக்கும் பொது. டாகெரோடைப் என்ற சொல்லை அந்தக் காலத்து அச்சுக்கோப்பவர்களே விதவிதமாகக் கோத்திருக்கிறார்கள். அதன்மேல் இயந்திரப் பிழையும் சேரும்போது அந்த ஒரு சொல்லை மட்டும் நம்பித் தேடினால் பாதிக்குமேல் கைவிட்டுப் போகும். போர்ட்ரெய்ட், லைக்னஸ், மினியேச்சர் என்று முகப்படத்தைக் குறிக்கும் சாதாரணச் சொற்களோடு தெருப் பெயரையோ ஹோட்டல் பெயரையோ சேர்த்துத் தேடுங்கள். ஆள் பெயரைவிட முகவரி நன்றாகப் பிடிபடும்.

இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். இந்தத் தளங்களில் செய்தி ஒவ்வொன்றும் தனிக் கட்டுரையாகப் பிரிந்திருக்கும். விளம்பரங்கள் அப்படி இல்லை. ஒரு முழுப் பத்தியோ அதற்கும் மேலோ ஒரே துண்டாக இருக்கும். கப்பல் புறப்படும் தேதி, மாடு ஏலம், காணாமல் போன நாய், பல் வைத்தியர், கடைசியில் நம் ஃபோட்டோக்காரர் எல்லாம் ஒரே உருப்படி. இரண்டு சொல் போட்டால், ஒன்று மாட்டு ஏலத்திலும் மற்றொன்று பல் வைத்தியரிடமும் இருக்கிற பத்திகளும் வந்து நிற்கும். ட்ரோவில் இதற்கு வழி உண்டு: இரண்டு சொல்லையும் மேற்கோள் குறிக்குள் போட்டு, பின்னால் டில்டே (~) குறியும் ஒரு எண்ணும் சேர்த்தால், அந்த இரண்டும் அத்தனை சொல் இடைவெளிக்குள் வருகிற இடங்கள்தான் வரும். நான் பத்து என்று வைத்துக்கொள்வேன். இதோடு விளம்பரம் என்ற வகை ஃபில்டரையும் போட்டுவிட்டால் குப்பை பெருமளவு குறைந்துவிடும்.

தேடல் முடிவில் வருகிற அந்த ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்ளாமல் முழுப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலான நாளிதழ்களின் முதல் பக்கமே விளம்பரம்தான். ஃபோட்டோக்காரர் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பது நிறையச் சொல்லும். நடன வகுப்பு, பியானோ விற்பனைக்குப் பக்கத்தில் இருந்தால் ஒரு வாடிக்கையாளர் கூட்டம். மருந்துக் கடைகளுக்கு நடுவில் இருந்தால் வேறு கூட்டம்.

இனி இங்கிலாந்து. இந்தத் தளங்களை நெடுநாள் பயன்படுத்தியதில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் இங்கேதான். டாகெரோடைப் முறையை 1839-ல் பிரெஞ்சு அரசு உலகத்துக்கே பொதுவாக்கியது என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அந்த அறிவிப்புக்குச் சில நாள் முன்னால், 1839 ஆகஸ்ட் 14-ல், அதைக் கண்டுபிடித்த டாகெர் சார்பில் மைல்ஸ் பெர்ரி என்ற காப்புரிமை முகவர் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிவிட்டார். குடியேற்ற நாடுகளும் அதற்குள் அடக்கம், ஸ்காட்லாந்து இல்லை. ரிச்சர்ட் பியர்ட் என்ற நிலக்கரி வியாபாரி 1841 மார்ச் 23-ல் லண்டன் ரீஜென்ட் தெருவில், ராயல் பாலிடெக்னிக் கட்டடத்தின் உச்சியில் ஸ்டூடியோ திறந்தார். ஐரோப்பாவில் பொதுமக்களுக்கான முதல் ஃபோட்டோ ஸ்டூடியோ என்று அதைத்தான் சொல்கிறார்கள். சில மாதத்தில் காப்புரிமையையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராக உரிமம் விற்கத் தொடங்கினார். அவரிடம் உரிமம் வாங்கித்தான் குட்மன் கப்பல் ஏறினார். லண்டனிலேயே அடிலெய்டு கேலரி என்ற இடத்தில் கடை போட்ட அன்டோயின் கிளாடெட் முன்பே டாகெரிடமே உரிமம் வாங்கி வைத்திருந்ததால் பியர்டால் அவரை அசைக்க முடியவில்லை.

பியர்ட் வாங்கியது ஒரு படத்துக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். விவசாயக் கூலிக்கு வாரத்துக்குப் பத்து ஷில்லிங் கிடைப்பதே பெரிதாக இருந்த காலம். அந்த ஸ்டூடியோவை ஓவியர் ஜார்ஜ் குரூக்‌ஷாங்க் 1842-ல் வரைந்திருக்கிறார். மேலே கண்ணாடிக் கூரை, அதற்குக் கீழே உயரமான மேடையில் நாற்காலி, தலை அசையாமல் இருக்கப் பின்னால் ஒரு கவ்வி, கையில் கடிகாரத்தோடு நேரம் பார்க்கும் உதவியாளர். கூரைக் கண்ணாடிக்கு நீல நிறம். தகட்டைப் பாதிப்பது நீல ஒளிதான், மற்ற நிறங்கள் உட்கார்ந்திருப்பவரின் கண்ணைக் கூசவைக்கத்தான் உதவும். இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு விளம்பரத்தைப் படித்தால், வெயில் இல்லாத நாளிலும் எடுப்போம் என்று ஏன் அவ்வளவு அழுத்திச் சொல்கிறார்கள் என்பது புரியும்.

1850-களுக்கு வந்ததும் புகைப்பட விளம்பரங்கள் திடீரென்று பெருகும். தேடல் முடிவுகளைப் பத்தாண்டு வாரியாகப் பிரித்துக் காட்டும் எண்களைப் பார்த்தால், ஃபோட்டோக்காரர்கள் அத்தனை மடங்கு கூடிவிட்டார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். கூடினார்கள் என்பது உண்மைதான். 1851-ல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் கண்ணாடித் தகட்டில் எடுக்கும் ஈரக் கொலோடியன் முறையை வெளியிட்டார், காப்புரிமை கேட்கவில்லை. 1853-ல் டாகெரோடைப் காப்புரிமையின் பதினான்கு வருடம் முடிந்தது. 1854 டிசம்பரில் டால்பட் எதிர் லாரோஷ் வழக்கில், கொலோடியன் டால்பட்டின் கேலோடைப் (காகித நெகடிவ் முறை) காப்புரிமையை மீறவில்லை என்று ஜூரி சொல்லிவிட்டது. அதன்பிறகு யார் வேண்டுமானாலும் கடை திறக்கலாம்.

ஆனால் அதே 1853-ல் இன்னொன்றும் நடந்தது. பத்திரிகை விளம்பரத்தின் மீதான வரி ஒழிந்தது. அதுவரை பிரிட்டனில் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் அரசுக்கு ஒன்றரை ஷில்லிங் கட்ட வேண்டும், 1833-க்கு முன் மூன்றரை. விளம்பரம் இரண்டு வரியானாலும் ஒரு பத்தியானாலும் ஒரே வரிதான். ஒரு கினி வாங்கும் பியர்டுக்கு அது பொருட்டே இல்லை. ஆறு பென்னிக்கு, அதாவது அரை ஷில்லிங்குக்குப் படம் விற்கிறவருக்கு? ஒரு தடவை விளம்பரம் போட்டால் மூன்று படத்தின் விலை வரியாக மட்டுமே போய்விடும், பத்திரிகைக்காரர் கட்டணம் தனி. 1855-ல் செய்தித்தாள் முத்திரை வரியும் போனது, மாகாண ஊர்களில் ஒரு பென்னிப் பத்திரிகைகள் முளைத்தன. ஆக, எண்ணிக்கை கூடியதற்குப் புதிய ஃபோட்டோக்காரர்கள் ஒரு காரணம், ஏற்கெனவே வாய்மொழியாலும் கடைவாசல் பலகையாலும் பிழைத்தவர்கள் இப்போதுதான் பத்திரிகைக்கு வந்தார்கள் என்பது இன்னொரு காரணம், பத்திரிகைகளே பெருகியது மூன்றாவது. எந்தத் தளமும் இதைப் பிரித்துக் காட்டாது. வரைபடம் போட்டுக் கட்டுரை எழுதப் போகிறவர்கள் தயவுசெய்து இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 1853-க்கு முன்னால் விளம்பரம் இல்லாத ஊரில் ஃபோட்டோக்காரரும் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

விளம்பரங்களின் மொழியை விவரிக்கவே தனிப் பதிவு வேண்டும். பிரபுக்களுக்கும் கனவான்களுக்கும் பணிவுடன் அறிவிப்பது என்றுதான் பெரும்பாலும் ஆரம்பிக்கும். உரு மறையும் முன்னே நிழலைப் பற்றிக்கொள்ளுங்கள் என்ற பொருளில் ஒரு வாசகம் அட்லாண்டிக்கின் இரு கரையிலும் திரும்பத் திரும்ப வரும். கேட்க அழகாக இருக்கும், ஆனால் பச்சையாக மரண பயத்தை விற்கிற வரி அது. இறந்தவர்களை வீட்டுக்கே வந்து எடுத்துத் தருகிறோம் என்று ஒரு வரி கீழே இருக்கும். குழந்தைகள் அவ்வளவு இறந்த காலத்தில், பிள்ளையின் ஒரே படமாக அது இருந்திருக்கும். இந்த வரியை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குப் பழகவில்லை.

உடை பற்றிய யோசனையும் வரும். வெள்ளை வேண்டாம், வெளிர் நீலம் வேண்டாம், கருத்த பட்டு நல்லது. அந்தக் காலத்து ரசாயனத்தில் நீலம் வெள்ளையாக விழும், சிவப்பும் மஞ்சளும் கருப்பாக விழும். இதைத் தெரிந்துகொண்டபின் பழைய படங்களில் எல்லாரும் கருப்பு உடுத்தியிருப்பதை நம்புவதை நிறுத்திவிட்டேன். 1860-களில் கார்ட் டி விசிட் (விசிட்டிங் கார்டு அளவு அட்டையில் ஒட்டிய காகிதப் படம்) வந்ததும் தொனியே மாறும். டஜன் கணக்கில் விலை, நெகடிவ் பத்திரமாக இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் பிரதி கேட்கலாம் என்ற வாக்கு. ஒரே ஒரு தகடு என்ற காலம் அதோடு முடிகிறது.

செலவு விஷயம். ட்ரோவ், பேப்பர்ஸ் பாஸ்ட், வேல்ஷ் தளம் மூன்றும் முழுக்க இலவசம். பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் பெரும்பாலும் சந்தா, சில பக்கங்கள் இலவசமாகத் திறந்திருக்கின்றன. மாகாணப் பத்திரிகைகள் வேண்டுமென்றால் அதைத் தவிர்க்க முடியாது. நம் ஊர்ப் பணத்தில் சந்தா கனக்கும் என்பதால் என் வழக்கம் இதுதான்: தேட வேண்டிய பெயர், முகவரி, வருடம் எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொண்டு, ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டி, கிடைத்ததையெல்லாம் பத்திரிகைப் பெயர், தேதி, பக்க எண்ணோடு சேமித்துவிடுவேன். ட்ரோவில் லிஸ்ட் போட்டு வைக்கலாம், ஒவ்வொரு துண்டுக்கும் மாறாத முகவரி இருப்பதால் பின்னால் தேடி அலைய வேண்டாம். பேப்பர்ஸ் பாஸ்டில் விளம்பரங்கள் பக்க எண், பத்தி எண் என்றே தலைப்பாக வரும், குறிப்பெடுக்க அது ரொம்ப வசதி.

மொபைலில் இந்த வேலை வேண்டாம். பொடி எழுத்து விளம்பரத்துக்குப் பெரிய திரை வேண்டும், இல்லாவிட்டால் ஷில்லிங்கும் பென்னியும் குழம்பும்.

புதிதாக வருகிறவர்கள் காசு கட்டாமல் ட்ரோவில் குட்மனிடமிருந்தே தொடங்கலாம். ஆள் ஒருவர், தேதிகள் தெளிவு, முக்கிய ஊர்கள் நான்கு. படிக்கிற ஒவ்வொரு விளம்பரத்திலும் தப்பாக விழுந்திருக்கும் வரிகளைக் கையோடு திருத்திவிட்டுப் போங்கள். அதற்கு ஒரு இலவசக் கணக்கு போதும். குடும்பம் தேடி வருகிறவர்கள் பிறப்பு, இறப்பு அறிவிப்புகளைத் திருத்திக்கொள்வார்கள். விளம்பரப் பத்தியைத் திருத்த நம்மைப் போன்றவர்கள்தான் வர வேண்டும்.