பைத்தானில் ஒலிக்கோப்பு எழுதுதல்: வேவ் மாட்யூல், சைப்பை, சவுண்ட்ஃபைல்

பைத்தானில் கணக்கிட்ட ஒலி மாதிரிகளை (ஒலி அலையின் அளவை அடுத்தடுத்த கணங்களில் குறிக்கும் எண்களை) வேவ் கோப்பாக எழுதப் பொதுவாக மூன்று கருவிகள் பயன்படுகின்றன: மொழியுடனேயே வரும் வேவ் மாட்யூல், சைப்பை என்னும் அறிவியல் கணக்கீட்டு நூலகத்தின் வேவ்ஃபைல் பகுதி, லிப்எஸ்என்டிஃபைல் என்னும் சி நூலகத்தின் மேல் அமைந்த சவுண்ட்ஃபைல். கணக்கில் இருந்த எண் கோப்பில் எத்தனை பிட்டாக, எந்த அளவில் பதிய வேண்டும் என்பதை முடிவு செய்வது யார் என்பதில்தான் இவை வேறுபடுகின்றன. எழுதிய கோப்பில் இசைக்குப் பதிலாக இரைச்சல் கேட்டால், முதலில் பார்க்க வேண்டிய இடமும் அதுவே.

வேவ் மாட்யூல் எல்லா முடிவுகளையும் நம்மிடமே விட்டுவிடுகிறது. சேனல் எண்ணிக்கை, மாதிரிக்கான பைட் அளவு, மாதிரி வீதம் (நொடிக்கு எத்தனை மாதிரிகள்) ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, பைட்டுகளாக மாற்றிய தரவை நாமே தர வேண்டும். 8 பிட் மாதிரிகள் குறியற்றவை (எதிர்ம எண்கள் இல்லாதவை), 16 பிட் மாதிரிகள் குறியுள்ளவை என்பதை அறிந்திருப்பதும் நம் பொறுப்பு. 24 பிட்டும் எழுதலாம்; ஆனால் எண் அணிகளைக் கையாளும் நம்பை நூலகத்தில் மூன்று பைட் எண் வகை இல்லாததால் பைட்டுகளைக் கையால் அடுக்க வேண்டியிருக்கும். பைத்தான் 3.13 பதிப்பில் இதன் உறவுகளான, வேறு ஒலிக்கோப்பு வடிவங்களுக்குரிய ஏஐஎஃப்சி, சன்ஏயூ மாட்யூல்கள் நீக்கப்பட்டபோதும் இது தப்பியது. எதையும் கூடுதலாக நிறுவ முடியாத இடங்களில் இன்றும் இதுவே துணை.

சைப்பையில் வேலை ஒரே வரியில் முடிந்துவிடும், ஏனெனில் நம்பை அணியின் எண் வகையே கோப்பின் வகையாகிவிடுகிறது. இந்த எளிமையை நான் சற்று ஐயத்துடனேயே பார்க்கிறேன். நம்பையின் இயல்பான தசம வகை ஃப்ளோட்64 என்பதால், எதையும் மாற்றாமல் எழுதினால் 64 பிட் தசமக் கோப்பு உருவாகும். அதைத் திறக்க மறுக்கும் பிளேயர்கள் உண்டு. மாதிரிகளை 16 பிட்டின் உச்ச மதிப்பான 32767 ஆல் பெருக்கிவிட்டு, 16 பிட் முழு எண் வகையான இன்ட்16 ஆக மாற்ற மறந்தால், -1 முதல் 1 வரைக்குள் இருக்க வேண்டிய தசம மதிப்புகள் ஆயிரக்கணக்கில் பதிந்து, கேட்பவர் காதில் அறையும். மாற்ற மறக்காவிட்டாலும் வேறொரு ஆபத்து இருக்கிறது: 1.2 என்ற மாதிரி பெருக்கலுக்குப் பின் 39320 ஆகி, 16 பிட்டில் அடங்காமல், பெரும்பாலும் -26216 எனச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் விழும். சைப்பை எந்த எச்சரிக்கையும் தராது. அதற்குக் கொடுத்தது இன்ட்16, அது எழுதுவதும் இன்ட்16.

சவுண்ட்ஃபைல் அணியின் வகையையும் கோப்பின் வகையையும் பிரித்தே வைக்கிறது. தசம எண்களைக் கொடுத்து 16 பிட் அல்லது 24 பிட் என்று துணைவகையைக் குறித்தால் மாற்றத்தை அதுவே செய்யும். குறிக்காவிட்டால் வேவ் கோப்புக்கு 16 பிட் என எடுத்துக்கொள்ளும். எல்லை மீறிய மாதிரி சுற்றிக்கொள்ளாமல் உச்சத்திலேயே நிறுத்தப்படும். அதனாலும் ஒலி சிதையும்தான், ஆனால் வெடிச்சத்தம் எழாது. முழு அணியும் நினைவகத்தில் இருக்க வேண்டியதில்லை, துண்டு துண்டாகவும் எழுதலாம். ஃபிளாக், ஓக் என்னும் சுருக்கிய ஒலிக்கோப்பு வடிவங்களும் கிடைக்கின்றன. வேவ் கோப்பில் அதன் அளவைக் குறிக்கும் புலம் 32 பிட் என்பதால் 44,100 மாதிரி வீதமுள்ள 16 பிட் ஸ்டீரியோப் பதிவு ஏறத்தாழ ஆறே முக்கால் மணி நேரத்தில் 4 ஜிபி எல்லையைத் தொட்டுவிடும். அதைத் தாண்டும் பதிவுகளுக்கு ஆர்எஃப்64 வடிவத்தையும் இது எழுதும்.

குறைகளும் உண்டு. முழு எண்களைத் தசமக் கோப்பில் எழுதச் சொன்னால் அவற்றை ஒன்றுக்குள் சுருக்காமல் அப்படியே பதிக்கும். சைப்பையில் மாதிரி வீதம் முதலிலும் தரவு பின்பும் வர, இங்கே அந்த வரிசை தலைகீழாக இருப்பது, இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்துவோருக்குத் தீராத தொல்லை.

ஆயினும் புதிதாக எழுதும் நிரலுக்கு நான் தேர்வது சவுண்ட்ஃபைலையே. சி நூலகத்தை நிறுவ இயலாத கணினியில் சைப்பையை நாடுவோர், மதிப்புகளை -1 முதல் 1 வரையிலான எல்லைக்குள் வெட்டி, 32767 ஆல் பெருக்கி, இன்ட்16 ஆக மாற்றும் மூன்று படிகளையும் தனிச் செயற்கூறாக எழுதி, ஒவ்வொரு முறையும் அதன் வழியாகவே கோப்பை எழுதுவது நல்லது.