கோத்தகிரி, குன்னூர் பக்கம் ‘மறதி பேக்கேஜ்’ விற்கிறார்கள், கவனம்

பெயரைச் சொல்லவில்லை, புகார் நிலுவையில் இருக்கிறது. ‘முதியோர் சிறப்பு மையம்’ என்று பெரிய போர்டு வைத்த ஒரு தனியார் மருத்துவமனை.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பள்ளிக்கூடம் போகாதவர், ஆனால் பச்சைத் தேயிலைக்கு வரவேண்டிய காசை மனக்கணக்காகவே போட்டு ஏஜெண்டிடம் சண்டை பிடித்து வாங்குவார். தீபாவளி முடிந்து ஒருநாள் ராத்திரி, இறந்துபோன அப்பா வாசலில் நிற்கிறார், கதவைத் திற என்றார் அம்மா. காலையில் ஓரளவு தெளிவு, சாயங்காலம் மறுபடி குழப்பம். பாதி நேரம் தூக்கம், சாப்பாடு இறங்கவில்லை.

அந்த மையத்தில் என்ன செய்தார்கள்? இன்று தேதி என்ன, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்று கேட்டார்கள். முப்பதுக்குப் பதினொன்று. தலைக்கு ஸ்கேன். மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது (அந்த வயதில் யாருக்குத்தான் சுருங்காது). உடனே டிமென்ஷியா (மறதி நோய்), இனி இப்படித்தான் என்று தீர்ப்பு. ரத்தமும் எடுக்கவில்லை, சிறுநீரும் எடுக்கவில்லை. ரத்த அழுத்தத்தைக்கூட ஸ்வெட்டருக்கு மேலேயே பார்த்தார்கள். டோனெபெசில் என்ற மறதி நோய் மாத்திரை, தூக்க மாத்திரை, ‘மூளைக்குச் சத்து’ என்று ஒரு பவுடர் டப்பா, ஆறு மாதப் பராமரிப்பு பேக்கேஜுக்கு நாற்பதாயிரம் முன்பணம்.

தூக்க மாத்திரை போட்டதும் நிலைமை இன்னும் மோசம். எழுப்பினாலும் கண் திறக்கவில்லை. மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு இறக்கினோம். அங்கே டியூட்டியில் இருந்த சின்ன வயது டாக்டரம்மா முதலில் செய்த காரியம், சால்வை, ஸ்வெட்டர், உள்ஸ்வெட்டர் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னது. மார்புக்கு அடியில், பீடி சுட்ட தழும்பு போல ஒரு கறுப்புப் பொருக்கு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை, அதனால் அம்மாவே கவனிக்கவில்லை. ஸ்க்ரப் டைஃபஸ், நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்பார்கள். புதரில் இருக்கும் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சுகள் கடித்து வருவது. விறகு பொறுக்க, களை எடுக்கப் போகிற மலைக்காரர்களுக்குப் புதிதில்லை, மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் அதிகம். மூளையையும் தாக்கும். டாக்சிசைக்ளின் என்ற சாதாரண, மலிவான மருந்துதான். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது, அப்புறம் பேச்சு தெளிந்தது. பழைய தெம்பு வர இன்னும் சில வாரம் ஆனது.

அந்த டாக்டரம்மா சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். மணிக்கணக்கில், நாள்கணக்கில் வந்து, ஏறி இறங்கும் குழப்பத்துக்குப் பெயர் டெலிரியம். டிமென்ஷியா பெரும்பாலும் மாதங்கள், வருடங்கள் எடுத்து மெல்ல வரும். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, காசநோய் மூளைக்காய்ச்சல், இவையெல்லாம் வயதானவர்களுக்கு முதலில் குழப்பமாகவே தலைகாட்டலாம். காய்ச்சல் அடிக்காமலும் இருக்கலாம். ஏற்கெனவே மறதி இருப்பவர்கள் திடீரென்று மோசமானாலும் இதையெல்லாம் பார்க்க வேண்டும். குழப்பத்தின் நடுவே ஞாபகப் பரிசோதனை வைத்து முத்திரை குத்தக் கூடாது, உடம்பு தேறியபிறகு வைக்கட்டும்.

ஆகவே உங்கள் வீட்டுப் பெரியவர் திடீரென்று மாறிப்போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், முடியாவிட்டால் 108. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, பெண்களுக்கு மார்புக்கு அடி, எல்லாவற்றையும் துணி விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வெட்கப்படுவார்கள், பரவாயில்லை. பொருக்கு இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்.

நோயாளியின் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. எங்களுக்கு பில் மட்டும் வந்தது, கேஸ் ஷீட் வரவில்லை. இணை இயக்குநர் நலப்பணிகள் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போகவேண்டும்.

முன்பணம் இன்னும் வரவில்லை. கேட்டால், அம்மாவை ஒருதடவை ரிவ்யூவுக்குக் கூட்டிவரச் சொல்கிறார்கள்.