ஆபீஸ் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஸ்பைக் பஸ்டர் எல்லாம் எப்போ மாத்தணும்: 9 வருஷம் பாத்ததுல தெரிஞ்சுக்கிட்டது

மும்பை அந்தேரி ஈஸ்ட்ல ஒரு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல கிரவுண்ட் ஃப்ளோர் கலா (எஸ்டேட் யூனிட்டை இங்க அப்படித்தான் சொல்வாங்க) எங்க ஆபீஸ், 22 பேர் இருக்கோம், நான் அட்மின். 2016ல வேலைக்குச் சேர்ந்த புதுசுல எலக்ட்ரிக்கல் கடைங்க இருக்கிற லோஹார் சால் போய் 18 ஸ்பைக் பஸ்டர் வாங்கிட்டு வந்தேன். இன்னிக்கு அதுல ஒண்ணுகூட ஆபீஸ்ல இல்ல, ஆனா ஒவ்வொண்ணும் போன விதம் வேற வேற, அதைத்தான் சொல்ல வந்தேன்.

மொதல்ல போனது மழையில. 2017 ஆகஸ்ட் 29 மும்பைல இருந்தவங்க யாருக்கும் மறக்காது, எங்க கலாக்குள்ள கணுக்கால் வரைக்கும் தண்ணி, தரையில கெடந்த ஆறு பாக்ஸும் முழுகிடுச்சு. நல்ல பாக்ஸாச்சே வீணாக்க வேணாம்னு வெயில்ல நாலு நாள் காயவச்சு திரும்பவும் மாட்டினோம், வேலையும் செஞ்சுது. தீபாவளிக்கு முன்னாடி ஒண்ணுல சர் சர்னு சத்தம் வரவும் எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன், தாராவி 90 அடி ரோட்டுல இருக்காரு, பூர்வீகம் திருநெல்வேலி. அவரு கழட்டிக் காட்டினா உள்ள பித்தளைப் பட்டை பூரா பச்சைக் களிம்பு, பாத்திரத்துல புளி போட்டு மறந்துட்டா ஏறுமே அதே மாதிரி. "வெளிய காஞ்சிரும்மா, உள்ள போன சேறும் உப்பும் எங்க போகும்"னாரு. தண்ணில முழுகினதுன்னா யோசிக்கவே கூடாது, அன்னிக்கே தூக்கிப் போட்றணும். இப்போ எல்லா பாக்ஸையும் டேபிள் கால்ல உசரத்துல ஸ்க்ரூ பண்ணி வச்சிருக்கோம்.

ரெண்டாவது 2019 ஜூலைல, இதை நினைச்சா இப்பவும் எனக்கு நெஞ்சு படபடன்னு வரும். அக்கவுண்ட்ஸ் பக்கம் ரெண்டு நாளா கருவாட்டு நாத்தம். யாரோ டப்பால காஞ்ச பொம்பில் மீன் கொண்டு வந்திருக்காங்கன்னு எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தோம், நான் ஃப்ரிட்ஜைக்கூட கழுவிட்டேன். மூணாவது நாள் லேசர் பிரிண்டர் பின்னாடி குனிஞ்சு பாக்ஸைத் தொட்டா இட்லிப் பானை மூடி மாதிரி சுடுது. மெயினை ஆஃப் பண்ணிட்டு பிளக்கை இழுத்தா கொஞ்சம்கூட பிடி இல்லாம கையோட வந்துருச்சு, ஓட்டையைச் சுத்தி பழுப்பு வளையம், பின் கறுத்துப் போயிருக்கு. அதைவிட என்னன்னா, லூஸா இருக்குன்னு யாரோ பேப்பரை மடிச்சு பின்னோட சேத்துச் சொருகி வச்சிருந்தாங்க, அந்தப் பேப்பர் ஓரம் கருகியிருந்துச்சு. பிளாஸ்டிக், பேக்கலைட் மாதிரி சில ஐட்டம் ரொம்ப சூடேறினா மீன் வாடை வரும்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்.

அப்போ எம்சிபி, அதாவது மெயின் போர்டுல தானா ஆஃப் ஆகுற சுவிட்ச், ஏன் விழலைன்னு அண்ணன்கிட்ட கேட்டேன், அதுக்கு அவரு சொன்னதை ஆபீஸ்ல இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் சொல்லிக்கிட்டே இருக்கேன். எம்சிபிக்குத் தெரியறது கரண்ட் அளவு மட்டும்தான், லோடு கூடினா விழும். இங்க லோடு கூடவே இல்ல, அதே பிரிண்டர், அதே கரண்ட், ஆனா சாக்கெட் உள்ள இருக்கிற கவ்வு தளர்ந்து போய் கொஞ்சூண்டு இடத்துலதான் பின் ஒட்டிக்கிட்டு இருக்கு, அந்த இடம் மட்டும் சூடாகிட்டே போகும், சூடாக சூடாக இன்னும் தளரும். அதை எம்சிபி பாக்காது, நம்ம கைதான் பாக்கணும். அதனால பிளக் தானா தொங்குது, ஆட்டினா லைட் மினுங்குது, தொட்டா சுடுதுன்னா வாங்கி எத்தனை வருஷமாச்சுன்னு கணக்குப் போடாதீங்க, ஆறு மாசமே ஆனாலும் மாத்திடுங்க.

கெட்டில் விஷயமும் இதுலதான் வருது. 6 ஆம்ப் சாக்கெட்டுன்னா 230 வோல்ட்டுக்கு 1380 வாட் வரைக்கும்தான், எங்க பான்ட்ரி கெட்டில் 1500 வாட். அதை ஸ்பைக் பஸ்டர்ல மாட்டினா நாலு மாசத்துல பாக்ஸ் மஞ்சளாயிடுது. கெட்டில், ஹீட்டர், மைக்ரோவேவ் எல்லாம் சுவத்துல இருக்கிற 16 ஆம்ப் பாயிண்ட்லதான். ஒரு பாக்ஸ்ல இன்னொரு பாக்ஸை மாட்டுறதையும் முழுசா நிறுத்திட்டோம்.

இனி சர்ஜ் ப்ரொடெக்ஷன், அதாவது வோல்ட்டேஜ் திடீர்னு குதிச்சா மெஷினைக் காப்பாத்தறது, இதுலதான் பெரிய ஏமாற்றம். ஒரு அக்டோபர் சாயங்காலம் இடி மின்னல் வெளுத்து வாங்குச்சு, மறுநாள் வந்தா ஒரு ரூட்டரும் ரெண்டு மானிட்டரும் போச்சு. மூணுமே ஸ்பைக் பஸ்டர்ல இருந்தது, சிவப்பு லைட்டும் நல்லா எரியுது, அப்புறம் எப்படின்னு எனக்கு ஒண்ணும் புரியல. அண்ணன் அந்தப் பாக்ஸைத் திறந்து உள்ள 1 ரூபா காசைவிட சின்னதா ஒரு நீல வில்லையைக் காட்டினாரு, 14டி431னு எழுதியிருக்கு, ஒரு பக்கம் வெடிச்சு கரியாயிருந்துச்சு. அதுதான் எம்ஓவி, ஜிங்க் ஆக்சைடுல செஞ்சது, வோல்ட்டேஜ் குதிக்கும்போது அதைத் தன் வழியா திருப்பி விடும், அப்படி ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சு போகும். அட்டைப் பெட்டில ஜூல்னு போட்டிருக்கிறது அது எவ்வளவு தாங்கும்ங்கிற கணக்குதான். அது செத்தாலும் கரண்ட் வந்துக்கிட்டே இருக்கும், பாக்ஸ் வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸா வேலை செய்யும். நாங்க பாத்துக்கிட்டு இருந்த சிவப்பு லைட் சுவிட்ச் லைட், பக்கத்துல "ப்ரொடெக்டட்"னு இருந்த பச்சை லைட் எப்போ அணைஞ்சுதுன்னு யாருக்கும் தெரியாது, ஏன்னா அதை யாரும் கவனிச்சதே இல்ல.

அதே நாள் இன்னொண்ணும் தெரிஞ்சுது, அஞ்சு சுவர் பாயிண்ட்ல எர்த் வயரே கொடுக்கல, மூணாவது பின் சும்மா கெடக்கு. எர்த் இல்லன்னா நல்ல சர்ஜ் ப்ரொடெக்டர்கூட பாதி வேலைதான் செய்யும். புதுசு வாங்கறதுக்கு முன்னாடி அதைச் சரி பண்ணுங்க, தயவு செஞ்சு.

இப்போ என்ன பண்றேன்னா, வாங்கின மாசம் வருஷத்தை பாக்ஸ் மேல மார்க்கர்ல எழுதிடறேன். பச்சை லைட் அணைஞ்சா அன்னிக்கே மாத்தறேன், எரிஞ்சாலும் கம்ப்யூட்டர், சர்வர் பக்கம் நாலு வருஷத்துக்கு மேல வைக்கறது இல்ல. பொதுவா 3லேர்ந்து 5 வருஷம்னு சொல்றாங்க, மும்பை ஈரக் காத்துக்கு எனக்கு நாலு சரியா இருக்கு. மாசம் முதல் சனிக்கிழமை மத்தியானம், எல்லா மெஷினும் ஓடும்போது, புறங்கையால ஒவ்வொண்ணையும் தொட்டுப் பாக்கறேன், இருபது நிமிஷம்கூட ஆகாது. வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை, ஜூல் அளவு, 1.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், தனி பச்சை லைட், இவ்வளவும் இருந்தா விலை பாக்கறது இல்ல. எல்லா நாட்டு பிளக்கும் போகும்னு சொல்ற அகல ஓட்டை சாக்கெட் வேணவே வேணாம், நம்ம உருண்டைப் பின்னை அது சரியா கவ்வாது, எங்க கிட்ட சீக்கிரம் தளர்ந்ததெல்லாம் அந்த ரகம்தான்.

கடைசியா பழசை என்ன பண்றதுன்னு. 2022ல ஏழு பாக்ஸைக் கழட்டி அப்படியே குப்பைல போட்டேன். தீபாவளி ஸ்வீட் கொடுக்க கேட் வாட்ச்மேன் ரூமுக்குப் போனப்போ, ஊர்லேர்ந்து அவரு சம்சாரமும் கைக்குழந்தையும் வந்திருந்தாங்க, குழந்தை பாய்ல தூங்குது, தலைமாட்டுல டேபிள் ஃபேன் ஓடுது, அது மாட்டியிருந்த பாக்ஸ்ல என் கையெழுத்து, "அக்கவுண்ட்ஸ் 2018". அப்பவே அதைக் கழட்டி எடுத்துட்டு, ஸ்டோர்லேர்ந்து புதுசு ஒண்ணு கொண்டு போய் மாட்டிக் கொடுத்தேன். அதுக்கப்புறம் கழிச்சுக் கட்டுற ஒவ்வொரு பாக்ஸுக்கும் கட்டிங் பிளேயரால வயரை அடியோட வெட்டிட்டுத்தான் இ-வேஸ்ட் சாக்குல போடறேன்.