ஜப்பான் பதிப்பு என்று என்னிடம் விற்ற போலி ‘பிளிசார்ட் ஆஃப் ஆஸ்’: தட்டைத் திருப்பிக் காட்டச் சொல்லாமல் வாங்காதீர்கள்

பழைய ஹெவி மெட்டல் இசை சிடிகளைத் தேடித் தேடி வாங்குபவர்கள் இதை நிதானமாகப் படியுங்கள். போன மாதம் ஒரே ஒரு சிடிக்கு 7,800 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பணத்தைவிட, எந்த இசைக்காகக் கொடுத்தேனோ அந்த இசையே தட்டில் இல்லை என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

கல்லூரி விடுதியில் ஒரு சீனியர் அண்ணன் பதிவு பண்ணிக் கொடுத்த டிடிகே கேசட்டில்தான் மெட்டல் பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் ‘பிளிசார்ட் ஆஃப் ஆஸ்’ ஆல்பத்தை முதலில் கேட்டேன். நாடா தேய்ந்து ஹிஸ் சத்தம் ஏறும் வரைக்கும் கேட்டேன். 2025 ஜூலை 22-ஆம் தேதி ஆஸி இறந்தார். அதற்குப் பதினேழு நாள் முன்னால்தான் பர்மிங்காம் வில்லா பார்க் மைதானத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கடைசியாகப் பாடினார். அந்தக் காணொளியைப் பார்த்த ராத்திரியே முடிவு செய்தேன், இந்த ஆல்பத்தின் நல்ல பழைய பதிப்பு ஒன்று வீட்டில் இருக்க வேண்டும் என்று.

பழைய பதிப்புதான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. 1980-இல் இங்கிலாந்தின் சர்ரே பக்கம் ரிட்ஜ் ஃபார்ம் ஸ்டுடியோவில் இந்த ஆல்பத்தைப் பதிவு செய்தபோது கிடார் வாசித்தவர் ராண்டி ரோட்ஸ், பேஸ் கிடார் பாப் டெய்ஸ்லி, டிரம்ஸ் லீ கெர்ஸ்லேக். அடுத்த ஆண்டு வந்த ‘டயரி ஆஃப் எ மேட்மேன்’ ஆல்பத்திலும் வாசித்தது இதே மூவர்தான். ஆனால் அதன் உறையில் டெய்ஸ்லி, கெர்ஸ்லேக் பெயர்களே இல்லை. அவர்களுக்குப் பின் குழுவில் சேர்ந்த ரூடி சார்ஸோ, டாமி ஆல்ட்ரிட்ஜ் பெயர்களைப் போட்டுவிட்டார்கள். அப்புறம் ராயல்டி வழக்கு, சண்டை எல்லாம் வந்தது. 2002-இல் இரண்டு ஆல்பங்களையும் மறுபடி வெளியிட்டபோது அந்த இருவரும் வாசித்த பேஸையும் டிரம்ஸையும் முழுக்க எடுத்துவிட்டு, ராபர்ட் ட்ருஹியோவையும் மைக் போர்டினையும் புதிதாக வாசிக்க வைத்துச் சேர்த்தார்கள். இந்த இருவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, இருவருமே பெரிய கலைஞர்கள். ஆனால் இருபத்திரண்டு வருஷம் கழித்து வேறொருவர் வாசித்ததைக் கொண்டுவந்து ராண்டியின் கிடாருக்கு அடியில் ஒட்டுவதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது. ராண்டி 1982 மார்ச் 19 அன்று விமான விபத்தில் 25 வயதில் போய்விட்டார். அவர் யாரோடு கண்ணுக்குக் கண் பார்த்து வாசித்தாரோ, அந்த வாசிப்புதான் எனக்கு வேண்டும். ரசிகர்களின் எதிர்ப்பு ஓயவே இல்லை. 2011 பதிப்பில் பழைய வாசிப்பையே திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

சரி, நடந்ததுக்கு வருகிறேன். பழைய சிடி வாங்கி விற்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் படம் போட்டார். எண்பதுகளில் ஜப்பானில் வந்த முதல் சிடி, ஓபியோடு என்றார். ஓபி என்பது ஜப்பான் பதிப்புகளில் உறையின் முதுகைச் சுற்றி வரும் காகிதப் பட்டை. வாங்கியவர்கள் பாதிப்பேர் அதைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள், அதனால் அது இருந்தாலே விலை ஏறிவிடும். முன்பக்கம், பின்பக்கம், பட்டை என்று மூன்று படம் அனுப்பினார், ஒரு நீலப் பூப்போட்ட பெட்ஷீட் மேல் வைத்து எடுத்தவை. “தட்டோட அடிப்பக்கம் ஒரு படம் போடுங்களேன்” என்று கேட்டேன். “பளபளன்னு இருக்குண்ணா, ஒரு கீறல் கிடையாது. மூணு பேர் வரிசையில நிக்கிறாங்க, நீங்க முதல்ல கேட்டதால உங்களுக்குச் சொல்றேன்” என்று பதில் வந்தது. பேச்சில் மரியாதை இருந்தது. அன்றைக்கே யுபிஐயில் முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டேன்.

ஐந்தாம் நாள் கூரியர் வந்தது. உறை பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தட்டைப் போட்டேன். பின்னட்டையில் ஒன்பது பாட்டு அச்சாகியிருக்கிறது, பிளேயர் திரையில் 10 என்று வந்தது. அப்போதே எனக்குத் திக்கென்றது. அசல் ஆல்பத்தில் ஒன்பதுதான். பத்தாவதுக்குத் தாவினேன், ‘யூ லுக்கிங் அட் மீ லுக்கிங் அட் யூ’ ஓடியது. 2002 பதிப்பில் கூடுதலாகச் சேர்த்த பாட்டு அது.

முதலில் இருந்து கேட்டேன். ‘குட்பை டு ரொமான்ஸ்’ பாட்டில் டெய்ஸ்லியின் பேஸ் தனியாக ஒரு ராகம் பாடிக்கொண்டே கூட வரும், கேசட் காலத்தில் இருந்தே அது எனக்கு மனப்பாடம். இதில் அந்த நடை இல்லை. டிரம்ஸ் இறுக்கமாக, புது ஸ்டுடியோ வாசனையோடு முன்னால் வந்து நிற்கிறது. ‘டீ’ வந்தபோது மட்டும் மனசு கொஞ்சம் இளகியது. ராண்டி தன் அம்மா டெலோரஸுக்காகத் தனியாக அகூஸ்டிக் கிடாரில் வாசித்த சின்னத் துணுக்கு அது. பேஸும் டிரம்ஸும் கிடையாது என்பதால் யாராலும் அதில் கை வைக்க முடியவில்லை.

அப்புறம்தான் தட்டை எடுத்து விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தேன். நடு ஓட்டையைச் சுற்றியுள்ள கண்ணாடி போன்ற வளையத்தில், பொடி எழுத்தில் ஐஎஃப்பிஐ என்றும் பக்கத்தில் ஒரு குறியீடும் பொறித்திருந்தது. எந்த ஆலையில் அச்சானது என்று கண்டுபிடிக்க 1994-இல்தான் அந்தக் குறியீட்டைக் கொண்டுவந்தார்கள். எண்பதுகளில் அச்சான தட்டில் அது இருக்கவே முடியாது. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து ஓபியைப் பார்த்தேன். அசல் அச்சில் எழுத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருக்கும். இதில் ஜப்பானிய எழுத்துகளின் ஓரம் முழுக்கப் புள்ளிப் புள்ளியாகக் கலங்கியிருந்தது. ஸ்கேன் செய்து மறுபடி அச்சடித்தது.

படமும் தகவலும் அனுப்பினேன். “நான் வாங்குனதைத்தான் அனுப்புனேன், பிரிச்ச பிறகு ரிட்டர்ன் கிடையாதுண்ணா” என்றார். 1994 விஷயத்தை எடுத்துச் சொன்னேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மறுநாள் என்னை பிளாக் செய்துவிட்டார். குழுவின் அட்மின் “தனிப்பட்ட வியாபாரத்துக்கு நாங்க பொறுப்பில்ல” என்று முடித்துக்கொண்டார். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்து, இணையதளத்திலும் புகார் பதிந்திருக்கிறேன். யுபிஐயில் நாமே அனுப்பிய பணத்தைத் திரும்ப வாங்குவது லேசில்லை. அதனால் பாதுகாப்பு தரும் தளத்துக்கு வெளியே, கமிஷன் மிச்சம் என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

வாங்கும் முன் அடிப்பக்கத்துப் படத்தைக் கேளுங்கள், வளையத்தில் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண், அதாவது அச்சின் அடையாள எண், தெளிவாகத் தெரிய வேண்டும். அந்த எண்ணை இசைப் பதிப்புகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் போட்டால் எந்தப் பதிப்பு என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அடிப்பக்கம் பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் அது வீட்டுக் கணினியில் நகலெடுத்த தட்டு. ஓபியில் 3 சதவீத வரி சேர்த்த விலை இருந்தால், ஜப்பானில் அந்த வரி வந்ததே 1989 ஏப்ரலில்தான், அதற்கு முந்தைய வருஷத்தைச் சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் விளிம்பிலிருந்து பழுப்பேறி வரும் தட்டுகளைப் போலி என்று ஒதுக்க வேண்டாம். இங்கிலாந்தில் பிளாக்பர்ன் ஊரில் இருந்த பிடிஓ ஆலையில் 1988 முதல் 1993 வரை அச்சானவற்றில் பல இப்படித்தான் நிறம் மாறின. அசல்தான், ஆனால் நாளாக ஆக ஓடாமல் போகலாம், அதற்குச் சேகரிப்பு விலை கொடுக்காதீர்கள்.

பாட்டுகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். மெட்டாலிகாவின் ‘கில் எம் ஆல்’ 1983-இல் வந்தபோது பத்து பாட்டு. 1988-இல் எலெக்ட்ரா நிறுவனம் மறுபடி வெளியிட்டபோது ‘ஆம் ஐ ஈவில்’, ‘பிளிட்ஸ்கிரீக்’ சேர்ந்து பன்னிரண்டு ஆனது. மெகாடெத்தின் ‘ரஸ்ட் இன் பீஸ்’ வாங்கினால் 1990 ஒலிக்கலவையா, 2004-இல் டேவ் மஸ்டேன் புதிதாகக் கலந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2004-இல் சில இடங்களில் குரலையே புதிதாகப் பாடிச் சேர்த்திருக்கிறார்.

ஆஸியின் இந்த இரண்டு ஆல்பங்களையும் அசல் வாசிப்போடு கேட்டால் போதும் என்பவர்கள் 1995 பதிப்பையோ 2011 பதிப்பையோ வாங்கலாம். விலையும் குறைவு. நான் இப்போது 2011 பதிப்பைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கெர்ஸ்லேக் 2020-இல் காலமானார். அவர் வாசித்தது தட்டில் திரும்ப இருக்கிறது.

இதை இன்றைக்கே எழுதக் காரணம், நேற்று இன்னொரு குழுவில் ‘டயரி ஆஃப் எ மேட்மேன்’ ஜப்பான் முதல் பதிப்பு, 8,500 ரூபாய் என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. போன் எண் வேறு, பெயர் வேறு. படத்தில் அதே நீலப் பூப்போட்ட பெட்ஷீட். இது உங்கள் குழுவுக்கும் வந்தால், பணம் அனுப்பும் முன் அடிப்பக்கத்துப் படத்தைக் கேளுங்கள்.