பழைய நகை விற்கப் போகிறீர்களா? எங்களுக்கு 4,300 வெள்ளி (ரிங்கிட்) போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை. எழுத்து அங்கே இங்கே ஓடினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்கள் முழுசாகப் படியுங்கள், தோட்டத்தில் இருக்கும் வயதானவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். கடைப் பெயரைப் போட மாட்டேன். 'பழைய தங்கம் வாங்கப்படும், உடனடி ரொக்கம்' என்று பேனர் கட்டியிருக்கும் கடைகளில் ஒன்று. நகை விற்பது கிடையாது, வாங்குவது மட்டும்தான்.

கொண்டுபோனது அம்மாவின் நகை. மூன்று பவுனில் சங்கிலி, ஒவ்வொரு பவுனில் இரண்டு வளையல். தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டிய காலத்தில் கூட்டுச் சீட்டுப் பிடித்து வாங்கியது. பள்ளிக்கூடம் திறக்கும்போது பஜாக் கடைக்கு, அதாவது அடகுக் கடைக்குப் போகும், தீபாவளிக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடும். இந்த முறை என் மகனின் காலேஜ் ஃபீஸுக்காக அம்மாவே கழற்றிக் கொடுத்தார்.

கணக்குத் தெரியாமல் போகவில்லை. அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை: எடை, தரம், அன்றைய விலை. பவுனுக்கு 8 கிராம், ஆக ஐந்து பவுன் 40 கிராம். 916 முத்திரை என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், 22 காரட். மீதி செம்பு, வெள்ளி போன்ற உலோகம். வாங்கும்போது கொடுத்த செய்கூலி திரும்பி வராது. நகைக்கடை போர்டில் போட்டிருக்கும் விலையும் விற்கப்போகிற நமக்குக் கிடைக்காது, நம்மிடம் வாங்கும் விலை குறைவாகத்தான் இருக்கும். கல் இருந்தால் கல் எடையைக் கழிப்பார்கள், உள்ளே அரக்கு இருந்தால் அதையும் கழிப்பார்கள். அதெல்லாம் நியாயம். எங்கள் நகையில் கல்லும் இல்லை, அரக்கும் இல்லை. கடைசியாக மீட்கும் முன் பஜாக் சீட்டைப் படம் எடுத்து வைத்திருந்தேன்: 916, 40.10 கிராம். இந்தக் கடையே பழைய 916க்கு கிராம் 400 வெள்ளி என்று எழுதி ஒட்டியிருந்தது. 16,040 வெள்ளி வர வேண்டும். வந்தது 11,700.

எப்படி என்று கேளுங்கள். கவுண்டரில் நம்ம பையன்தான். "எந்தத் தோட்டம் அக்கா?" என்றான். சொன்னேன். "அட, எங்க அம்மாவும் அங்கதான் வெட்டினாங்க, மேல் லயத்துல இருந்தோம்" என்றான். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலி இழுத்துப் போட்டான், மைலோ வந்தது, மண்டோர் (தோட்டத்துக் கங்காணி) பெயரெல்லாம் சொல்லி இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். தராசு கண்ணாடிக்கு அந்தப் பக்கம், எண் அவன் பக்கம் திரும்பியிருந்தது. "நாற்பது, சரியா இருக்கு அக்கா" என்றான். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்கு.

அப்புறம்தான், "பழைய நகையில முத்திரையை நம்ப முடியாது அக்கா, உருக்கினாத்தான் தரம் தெரியும். விலை பிடிக்கலைன்னா தங்கத்தை எடுத்துட்டுப் போயிடலாம்" என்றான். என் முன்னால் உருக்கு தம்பி என்றேன். "கேஸ் நெடி அடிக்கும், பாட்டிக்கு இருமல் வரும்." பாட்டி மேல் என்ன அக்கறை பாருங்கள்! உள்ளே கொண்டுபோனான். திரும்பி வந்தபோது கையில் கட்டைவிரல் நுனி அளவு ஒரு கட்டி. எடை 34.60, தரம் எண்பது விழுக்காடுதானாம். உருக்குக் கூலி, அது இது என்று கழித்து 11,700. இப்போது எதை எடுத்துக்கொண்டு போவது? சங்கிலியையா, வளையலையா?

வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 40.10 கிராம் 916 நகைக்குள் சுத்தத் தங்கம் மட்டுமே 36.7 கிராம் இருக்கும். அவன் காட்டிய மொத்தக் கட்டியே அதைவிடக் குறைவு! அதிலும் எண்பது விழுக்காடுதான் தங்கம் என்றால் 27.7 கிராம்தான். 9 கிராம் தங்கம் அந்த உள்ளறையில் ஆவியாகிவிட்டதா? நெருப்பில் போனால் அழுக்கும் மற்றதும் கழிந்து தரம் கொஞ்சம் ஏற வேண்டும், இங்கே எடையும் இறங்கி தரமும் இறங்கியிருக்கிறது. இதே வளையல்களோடு சேர்த்து வாங்கிய இன்னும் இரண்டு அம்மா கையில் இருக்கின்றன. ஈப்போவில் ஒரு நகைக்கடையில் கொடுத்தேன். மெஷினில் வைத்து, உருக்காமல், கீறாமல், எங்கள் கண் முன்னாலேயே தரம் பார்த்துச் சொன்னார்கள்: 91.5 விழுக்காடு. சுளையாக 4,300 வெள்ளி போயிருக்கிறது.

போன் அடித்தால் "முதலாளி வெளியூர் போயிருக்கார் அக்கா." வாட்ஸ்அப்பில் பஜாக் சீட்டுப் படத்தை அனுப்பினேன், பார்த்ததற்கு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால் மைலோவும் இல்லை, நாற்காலியும் இல்லை. "நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?" என்கிறான். எந்தத் தோட்டம் என்று கேட்ட அதே வாய்! ரசீதை எடுத்துப் பார்த்தால் 'பழைய நகை – 11,700' என்று ஒரே வரி. எடை இல்லை, தரம் இல்லை. முதலாளி ஒரு தடவை போனில் கிடைத்தார். தீபாவளிக்கு வாங்க, ஏதாவது பார்த்துச் செய்கிறோம் என்றார். விற்க மட்டுமே போகிற கடையில் தீபாவளிக்கு எனக்கு என்ன வேலை? போலீசில் ரிப்போர்ட் எழுதிவிட்டேன், உள்நாட்டு வாணிப அமைச்சுக்கும் புகார் போயிருக்கிறது. 4,300 வெள்ளியை விடப் போவதில்லை.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டிலேயே ஒவ்வொரு நகையையும் முத்திரை தெரியும்படி படம் எடுங்கள். தராசு எண் உங்கள் பக்கம் திரும்பட்டும், எடையை அங்கேயே எழுதி வாங்குங்கள். உருக்க வேண்டும் என்று ஆரம்பித்தாலே நகையை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள், மெஷின் உள்ள கடை ஈப்போவில் இருக்கிறது. அவசரம் என்றால் விற்காமல் பஜாக்கில் வையுங்கள், சட்டப்படி வட்டி மாதம் 2 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது, தவணைக்குள் மீட்டுவிட்டால் நகையும் உங்களுடையதாகவே இருக்கும். எடையும் தரமும் இல்லாத ரசீதில் கையெழுத்துப் போடாதீர்கள். இதே கடையில் மாட்டியவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், புகாரில் சேர்த்துக்கொள்ளலாம்.