விரலா, ரப்பர் கையா? வில்லின் ஷெல்ஃபில் அம்பை நிறுத்த எது நல்லது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விரல் பக்கம். வில்லைப் பிடித்திருக்கும் கையின் ஆள்காட்டி விரலை அம்பின் மேல் லேசாகப் போட்டுக்கொண்டு, வில்லைக் கொஞ்சம் சாய்த்து நடப்பதுதான் எனக்குச் சரிப்பட்டு வந்திருக்கிறது. ரைசரில் (வில்லின் நடுவில் கைப்பிடி இருக்கும் பகுதி) ஒட்டி அம்பைப் பிடிக்கிற ரப்பர் கை, நாணை இறுகக் கவ்வுகிற நாக் (அம்பின் வாலில் நாண் பொருந்தும் பிளவு) என்று மற்ற இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இதற்கு வந்தேன்.

இங்கே வேட்டை கிடையாது. 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானையோ முயலையோ எய்வது குற்றம், அது அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணமும். நாங்கள் எய்வது ஃபோமில் செய்த மான், பன்றி உருவங்களை. காங்கேயம் பக்கம் சொந்தக்காரர் ஒருவரின் கொறங்காட்டில் (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்), வெள்வேல மரங்களுக்கு இடையில் அவற்றை நிறுத்தி, தப்பிய அம்பை வாங்கிக்கொள்ளப் பின்னால் சோளத்தட்டுப் போரும் மண்மேடும் வைத்திருக்கிறோம். ஆனால் எய்யும் முறை வேட்டைமுறைதான். அம்பை நாணில் பூட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் நடந்து, குனிந்து, இலக்கு கண்ணில் பட்ட இடத்திலிருந்து எய்கிறோம். அதனால் அமெரிக்கக் காட்டில் மான் வேட்டைக்குப் போகிறவருக்கு வரும் அதே தொல்லை எங்களுக்கும் வருகிறது. நாணை இழுப்பதற்குள் அம்பு, அது உட்காரும் திட்டான ஷெல்ஃபிலிருந்து சரிந்து விழுந்துவிடுகிறது.

ஒலிம்பிக் போட்டியில் எய்யும் ரீகர்வ் வில்லில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அதில் அம்பைத் தாங்கத் தனியாகக் கம்பி ரெஸ்ட் உண்டு, எய்பவரும் நின்ற இடத்தில் நிற்கிறார். பாரம்பரிய வில்லில் கைப்பிடிக்கு மேலே செதுக்கிய சின்னத் திட்டுதான் ஷெல்ஃப். அதன் மேல் ஒரு துண்டுத் தோல், அவ்வளவுதான்.

அம்பு ஏன் விழுகிறது என்பதைக் கணக்காகப் பார்த்தால் பாதி விஷயம் தெளிந்துவிடும். நாணுக்கும் கைப்பிடிக்கும் நடுவே சாதாரணமாக 7 முதல் 8 அங்குலம் இடைவெளி இருக்கும். அம்பின் நீளம் 28 அங்குலம் என்றால், இழுக்காத நிலையில் சுமார் 20 அங்குலம் ஷெல்ஃபுக்கு முன்னால் அந்தரத்தில் நிற்கிறது. முனையில் இரும்பு வேறு இருக்கிறது. ஆக அம்பின் எடை மையம் ஷெல்ஃபைத் தாண்டி ஒரு சாண் தூரத்துக்கும் மேலே முன்னால் கிடக்கிறது. அம்பு எப்போதும் தலைகுப்புறச் சாயத்தான் பார்க்கும், வால் பக்கம் நாக் நாணைக் கவ்வியிருப்பதால்தான் நிற்கிறது. நாணை இழுக்க இழுக்க அந்த எடை மையம் பின்னால் வருகிறது. ஏறக்குறைய பாதி இழுவையில் அது ஷெல்ஃபுக்கு மேலே வந்துவிடும், அதற்கப்புறம் அம்பு தானாகவே அடங்கி உட்காரும். பிடிமானம் வேண்டியிருப்பது அதுவரைக்கும்தான்.

நாக் இறுக்கத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. அது தேவை, ஆனால் அது மட்டும் போதாது. அம்பை நாணில் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டால் விழக்கூடாது, நாணை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் விழ வேண்டும். இதுதான் பொதுவான அளவு. அதைவிட இறுக்கினால் நாண் அம்பைச் சுத்தமாக விடாது. தளர்ந்திருந்தால் நாணில் நாக் உட்காரும் இடத்தில் நூலைச் சற்றுத் தடிமனாகச் சுற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது ரப்பர் கை. ரைசரின் பக்கவாட்டில் ஒட்டும் சின்ன உறுப்பு, அம்பை வெளிப்பக்கமிருந்தோ மேலிருந்தோ லேசாக அழுத்திப் பிடிக்கும். சிலவற்றில் அம்பு பின்னால் நகர ஆரம்பித்ததும் கை தானே எகிறி விலகிக்கொள்ளும். கம்பளித் துண்டையோ தோல் பட்டையையோ ஒட்டி வீட்டிலேயே செய்துகொள்பவர்களும் உண்டு. வில்லை ஓர் இடத்தில் தொங்கவிடவோ மடியில் கிடத்தவோ வேண்டியவருக்கு இது உண்மையிலேயே உதவும். அமெரிக்காவில் மரத்தின் மேல் பரண் கட்டி மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். அவ்வளவு நேரமும் விரலை அம்பின் மேல் வைத்திருக்க யாராலும் முடியாது. நம் ஊரில் இதற்கு ஒரு குறை, பசை. சித்திரை வெயிலில் வண்டிக்குள் வில் கிடந்தால் கூடவே வரும் ஒட்டு நாடா இளகிவிடுகிறது. செருப்புக்கு ஒட்டும் ரப்பர் பசை தாக்குப்பிடிக்கிறது, ஆனால் பிரித்தெடுக்கும்போது ரைசரின் வார்னிஷும் சேர்ந்து வரும்.

பசை சின்ன விஷயம்தான். நான் ரப்பர் கையை விட்டதற்குக் காரணம் வேறு. ஷெல்ஃபில் அம்பு இருக்கிறதா என்பதைவிட, நாணில் அம்பு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி. ரப்பர் கை முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது, அதுவும் இரண்டாவதை மறைத்துக்கொண்டு.

கொறங்காட்டில் கிளுவை வேலி ஓரமாக நடந்தால் முள் அம்பின் முனையைப் பிடித்து இழுக்கும். காட்டுச் செடிகளுக்குள் நடப்பவருக்கும் இதேதான். அந்த இழுப்பில் நாக் முழுக்கக் கழன்றால் கவலையில்லை, நாணைப் பிடிக்கப் போகும் விரல்களுக்கே தெரிந்துவிடும். அரைகுறையாகக் கழன்று, நாண் நாக் வாயிலேயே நிற்கும்போதுதான் ஆபத்து. தோல் கையுறைக்குள் இருக்கும் விரலுக்கு அந்தக் கால் அங்குல வித்தியாசம் தெரியாது. கண் இலக்கின் மேல் இருக்கும். ரப்பர் கை அம்பை அலுங்காமல் பிடித்திருப்பதால் பார்வைக்கும் எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். இழுத்து விட்டால் நாண் நாக் பகுதியில் நிற்காமல் வழுக்கி, வெறும் நாணாகப் பாயும். அம்புக்குள் போக வேண்டிய விசை முழுவதும் வில்லின் மரத்துக்கே திரும்பும். அதில் வில்லின் கிளை, அதாவது வளையும் பாகம், விரிசல் விடலாம், நாண் அறுந்து முகத்தில் அடிக்கலாம்.

அக்கா மகன் வில்லில் ரப்பர் கை வைத்திருக்கிறான். வேலியைக் கடந்து வந்து அவன் வில்லைத் தூக்கியபோது நான் பக்கத்தில் நின்றதால் கண்ணில் பட்டது.

“நில்லு மாப்ள, இழுக்காதே.”

“ஏனுங் மாமா, அம்பு அப்படியேதானுங் இருக்குது?”

ஷெல்ஃபில் அப்படியேதான் இருந்தது. நாணில்தான் இல்லை.

விரல் வைத்திருந்தால் அம்பு ஒரு நூல் முன்னால் நகர்ந்தாலும் தோலுக்குத் தெரியும். நெல் மூட்டையைத் தொட்டே ஈரம் சொல்கிறவர்களைப் போல, பார்க்காமலே தெரிந்துகொள்ளலாம். உடனே வலது கட்டைவிரலால் நாக் பகுதியை நாணோடு சேர்த்து அழுத்திவிட்டு நடக்கலாம். இலக்கை விட்டுக் கண்ணை எடுக்க வேண்டியதில்லை. எனக்கு முடிவைத் தந்தது இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் இரண்டுக்கும் ஏறத்தாழ சமம்.

விரலுக்கும் விலை உண்டு. எய்யும் நேரத்தில் விரல் மேலேயே இருந்தால் இறகுத் தண்டின் முன்கூர் தோலைக் கிழித்துக்கொண்டு போகும். தண்டின் நுனியில் ஒரு சொட்டுப் பசை வைத்து மழுப்பிவிடுவது எல்லோரும் செய்ய வேண்டியது. வேட்டைக்கான அகல முனை பூட்டியிருப்பவருக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை தேவை. முழு இழுவையில் அந்த அலகு ஷெல்ஃபுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், அந்த இடத்தில் விரல் இருக்கவே கூடாது. பாதி இழுவை வரை விரல், அதற்கு மேல் கைப்பிடிக்குக் கீழே என்று பழக்க வேண்டும். எடை மையம் ஷெல்ஃபுக்கு வந்துவிடும் கணக்கைச் சொன்னேன் அல்லவா, விரலை எடுக்க வேண்டிய இடமும் அதுதான். முதலில் வெறும் கூர் மழுங்கிய அம்பில் பழகுங்கள். இன்னொன்று, விரலால் அமுக்கக் கூடாது, தொட்டால் போதும். அமுக்கினால் இடது கை முழுக்க விறைத்துவிடும்.

இழுக்கும்போது மட்டும் அம்பு வெளியே சாய்கிறது என்றால் குற்றம் ஷெல்ஃபில் இல்லை. வலது கை விரல்கள் நாக் பகுதியை நடுவில் வைத்து நெரிக்கின்றன என்று அர்த்தம். மூன்று விரலையும் அம்புக்குக் கீழே வைத்து இழுத்துப் பார்த்தால் அந்த நெரிசல் போய்விடும்.

அப்புறம் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லும் நாட்டில் 30, 35 கிராம் அம்பு எம்மாத்திரம்? பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் மேல்காற்று உடுமலை, தாராபுரம், காங்கேயம் பக்கம் ஆனி முதலே காற்றாலைகளைச் சுழற்றிக்கொண்டிருக்கும். வலக்கையால் இழுப்பவருக்கு அம்பு வில்லின் இடப்பக்கம் இருக்கிறது. அவர் தெற்கே பார்த்து நின்றால் அந்தக் காற்று வலமிருந்து வந்து, முன்னால் நீண்டிருக்கும் 20 அங்குலத்தையும் வெளியே தள்ளும். வடக்கே பார்த்து நின்றால் அதே காற்று அம்பை ரைசரோடு அணைத்துவிடும். இலக்குகளை நிறுத்தும்போதே இதைப் பார்த்துக்கொள்கிறோம். கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடப்பதும் ஆடி 17, 18-இல்தான், அங்கே வில்வித்தைப் போட்டியும் வைக்கிறார்கள். அது நின்ற இடத்தில் எய்வது, எய்யும் நேரத்தில் அம்பைப் பூட்டினால் போதும். பூட்டிக்கொண்டு நடப்பவருக்கு வில்லைச் சாய்ப்பதுதான் வழி. மேல் கிளையை வலப்பக்கம் 20 பாகை அளவு சாய்த்தால் ஷெல்ஃபும் ரைசரும் சேர்ந்து ஒரு பள்ளம் போல ஆகி, அம்பு அதற்குள் படுத்துக்கொள்ளும். விரலின் வேலையும் பாதியாகக் குறையும்.

ஷெல்ஃபின் மேல் விரிப்பது தோலா, வெல்க்ரோவின் மெத்துப் பக்கமா என்பதில் நான் தோலையே சொல்வேன். கார்பன் அம்பு வெல்க்ரோவைச் சீக்கிரம் அரித்துவிடும். பக்கச் சுவரிலும் ஒரு துண்டு ஒட்டிக்கொள்ளுங்கள். அம்பு விழுந்து ரைசரில் மோதும் ‘டக்’ சத்தம் 20 கெஜத்தில் நிற்கும் மானுக்குக் கேட்டுவிடும் என்று வேட்டைக்காரர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.

பனி கொட்டும் ஊர்களில் விரல் முறை எப்படி நடக்கும் என்பதில் என் பேச்சு எடுபடாது. விரல் மரத்துப்போகும் குளிரிலும் தடித்த கையுறையிலும் தொட்டு உணர்வது கஷ்டம்தான் என்று தோன்றுகிறது, அங்கே ரப்பர் கையே மேலாக இருக்கலாம். பரணில் காத்திருப்பவர், மூட்டு வலியால் விரலை நீட்ட முடியாதவர் இருவருக்கும் அதையே சொல்வேன். ஆனால் ஒவ்வொரு முறை வில்லைத் தூக்கும் முன்னும் நாக் பகுதியைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திவிடுங்கள்.

இடக்கையால் இழுப்பவர்கள் மேலே சொன்ன வலம், இடம் எல்லாவற்றையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். வில் வேட்டையில் பேர் பெற்ற அமெரிக்கர் ஃப்ரெட் பேர் இடக்கையால் இழுத்தவர்தான், படங்களில் அவர் வில்லின் மேல் கிளை இடப்பக்கம் சாய்ந்திருக்கும். ஆடியில் உங்களுக்கு ஒரு வசதியும் உண்டு. நாங்கள் தெற்கே பார்த்துத் திணறும்போது, காற்று உங்கள் அம்பை ரைசரோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.