பைக்கின் முன் டிஸ்க் பிரேக் ஒட்டிக்கொண்டால்: கிரீஸா, சீல் கிட்டா, புது காலிப்பரா?

தள்ளினால் வண்டி கனக்கிறது. நியூட்ரலில் விட்டால் சட்டென்று நின்றுவிடுகிறது. கொஞ்ச தூரம் ஓட்டியபின் டிஸ்க் பக்கம் கையைக் கொண்டுபோனால் அனல் அடிக்கிறது. இதைச் சொன்னதும் பல மெக்கானிக் கடைகளில் வரும் பதில், "காலிப்பர் போச்சு சார், செட்டா மாத்திடலாம்." காலிப்பர் என்பது இரண்டு பேட்களால் (உரசும் கட்டைகளால்) டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம். கோளாறு நிஜமாகவே அதில்தான் இருந்தால் மாற்றுவது சரி. அதை உறுதி செய்யாமல் காசை எடுக்காதீர்கள். நம் ஊர் 150 சிசி வண்டிகளில் வரும் ஒற்றை டிஸ்க், ஃப்ளோட்டிங் காலிப்பரை (பக்கவாட்டில் நகரும் வகை) வைத்துத்தான் இங்கே பேசுகிறேன்.

இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கி, பிரேக்கை நாலைந்து தடவை பிடித்து விட்டுச் சுற்றிப் பாருங்கள். லேசான உரசல் எல்லா டிஸ்கிலும் இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் மட்டும் உரசினால் டிஸ்க் கோணியிருக்கிறது, அது வேறு வேலை. சக்கரம் இறுகியே நின்றால் காலிப்பரில் உள்ள பிளீடர் நிப்பிளில் (பிரேக் ஆயிலை வெளியே விடும் சிறு திருகு) டியூப் மாட்டி, கால் சுற்றுத் திறங்கள். ஆயில் பீச்சியடித்துச் சக்கரம் விடுபட்டதா? அழுத்தம் உள்ளே மாட்டியிருக்கிறது. சந்தேகம், லீவரை ஒட்டி ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர் மேலும் அங்கிருந்து காலிப்பருக்கு வரும் ஹோஸ் மேலும்தான். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் அசையவில்லை என்றால் காலிப்பர்.

மாஸ்டர் சிலிண்டர் என்றால் முதலில் லீவரைப் பாருங்கள். கடையில் வாங்கிப் போட்ட லீவர் அளவு சரியில்லாமல் சிலிண்டரின் பிஸ்டனைத் துளி அழுத்திக்கொண்டே இருந்தாலும், ஆயில் திரும்பும் ஊசிமுனைத் துளை மூடிக்கொள்ளும். சூடேற ஏற பிரேக் தானாகவே இறுகும். அந்தத் துளையில் அடைத்திருக்கும் பிசுக்கை எடுத்தாலே தீர்ந்துவிடுவதும் உண்டு. உள்ளே கீறல் விழுந்திருந்தால் சீல் கிட் (மாற்று ரப்பர்கள் அடங்கிய செட்) வாங்குவது வீண். இங்கே நான் முழு அசெம்ப்ளி பக்கம். மாஸ்டரில் ஹோஸ் போல்ட்டைத் தளர்த்தியும் விடாத சக்கரம் நிப்பிளைத் திறந்தால் விடுகிறதென்றால், ஹோஸ் உள்ளுக்குள் உப்பியிருக்கிறது. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வண்டியில் நடுவே அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மாடுலேட்டரும் இருப்பதால் அதை சர்வீஸ் சென்டரிடமே விட்டுவிடலாம்.

இனி காலிப்பர். சுத்தம் செய்து கிரீஸ் வைப்பதுதான் மலிவு, ஆனால் காலிப்பர் நகர்ந்தோடும் ஸ்லைடு பின் காய்ந்திருந்தால் மட்டுமே அது போதும். அடையாளம்: ஒரு பேட் தகடு வரை தேய்ந்திருக்கும், மற்றது பாதி கனத்தில் இருக்கும். பின்னைத் துடைத்து சிலிகான் கிரீஸ் வையுங்கள். பேரிங் கிரீஸ் வேண்டாம், அதில் ரப்பர் உப்பிவிடும். பெட்ரோல், டீசலில் ரப்பரைக் கழுவும் கடைப் பழக்கமும் அதே கெடுதல்தான்.

ஸ்லைடு பின் நன்றாக ஓடுகிறது, பேடைத் தள்ளும் பிஸ்டன்தான் திரும்பவில்லை என்றால் என் ஓட்டு சீல் கிட்டுக்கு. பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க உள்ளே ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிரேக் பிடிக்கும்போது சதுர வெட்டுள்ள சீல் பிஸ்டனோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும், விட்டதும் பழைய நிலைக்கு வந்து பிஸ்டனையும் இழுத்துக்கொள்ளும். ரப்பர் இறுகினால் இந்த வேலை நின்றுபோகும். ஆனால் புது சீல் போட்டும் சிலருக்குப் பழைய தொல்லையே திரும்புகிறது. சீல் உட்காரும் பள்ளத்தைச் சுரண்டாமல் விட்டதுதான் காரணம். அங்கே அலுமினியம் அரித்து, பல்லில் காரை படிந்ததுபோல வெள்ளையாக இறுகியிருக்கும். அதன்மேல் உட்காரும் புது சீல் துருத்திக்கொண்டு பிஸ்டனைக் கவ்விப் பிடிக்கும். வளைந்த கொக்கி ஊசியால் மெதுவாக எடுங்கள். பள்ளத்தில் கீறல் விழக்கூடாது. பிஸ்டனை நகத்தால் தடவிப் பாருங்கள், துருக்குழி தட்டினால் பிஸ்டனையும் மாற்றத்தான் வேண்டும். கிட் கம்பெனி ஒரிஜினலாக இருக்கட்டும். டூப்ளிகேட் சீல் கால் மில்லிமீட்டர் தடித்திருந்தாலும் செய்த வேலை பாழ்.

புது காலிப்பர் எப்போது? நிப்பிள் உள்ளேயே முறிந்திருந்தால், அல்லது பள்ளமே அரித்துப்போயிருந்தால். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பழைய காலிப்பர் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதற்குள்ளும் வயதான சீல்தான். கிட்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் நிஜ விலை தெரியும்.

எதைச் செய்தாலும் ஆயிலைப் புதிதாக மாற்றி ஏர் (உள்ளே சிக்கிய காற்று) எடுங்கள். டாட் 4 வகை பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்கும் கொதிநிலை, ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம். அதனால் 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. டேங்க் மேல் சிந்தினால் பெயிண்ட் உரியும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். அப்புறம், வண்டியை நகர்த்தும் முன் லீவர் கெட்டியாகும்வரை பிடித்துப் பிடித்து விடுங்கள்; பிஸ்டனை உள்ளே தள்ளிய வண்டியில் முதல் பிடிக்கு பிரேக்கே இருக்காது.